கரையின் உயரத்தை நிர்ணயிப்பது யார்?

கடலை மறித்துக் கரை கட்ட வேண்டும். எவ்வளவு உயரம் கட்டுவது?

இஞ்சினீயரைக் கேட்டால் அவர் நம்மைத் திருப்பிக் கேட்பார்: எவ்வளவு அபாயத்தை நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள்? கேள்வி சரியானதுதான். எந்தக் கரையும் எல்லாப் புயலுக்கும் தாங்காது. இன்றைக்கு வந்ததைவிடப் பெரிய அலை என்றைக்காவது வரும். ஆனால் அவர் 'நீங்கள்' என்று சொல்வது யாரை? கரைக்குப் பின்னால் குடிசை போட்டிருப்பவனையா, அங்கே பண்டகசாலை வைத்திருப்பவனையா, தலைநகரில் பைலில் கையெழுத்துப் போடுகிறவரையா?

இவ்வாரம் நாம் எடுத்துக்கொள்ளும் விஷயம் இதுதான். கணக்கு சம்பந்தப்பட்டது என்று தோழர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். மழைக்காலத்தில் ஏரிக்கரையில் இரவுக் காவல் இருந்தவர்களுக்கும், ஸ்பின்னிங்கில் இழை அறுவதைத் தினம் பார்க்கிறவர்களுக்கும் இதில் விளங்காதது ஒன்றுமில்லை.

இந்தக் கணக்கு பிறந்த இடம் நெதர்லாந்து. அந்த நாட்டின் கால் பாகத்துக்கு மேல் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. கடலைக் கரை கட்டி மறித்து, உள்ளே இருக்கும் நீரை இறைத்து வெளியேற்றி, அந்த நிலத்தில் உழுகிறார்கள்; ஆலை நடத்துகிறார்கள்; குடியிருக்கிறார்கள். கரை உடைந்தால் ஓட மேட்டு நிலம் கிடையாது.

1953 ஜனவரி 31, சனிக்கிழமை இரவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஓதமும் வடமேற்குப் புயலும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. வானிலை நிலையம் எச்சரிக்கை அனுப்பியது. ஆனால் நள்ளிரவோடு ரேடியோ நிலையம் ஒலிபரப்பை முடித்துவிட்டது. ஜனங்கள் தூங்கப் போய்விட்டார்கள். விடிவதற்குள் தென்மேற்குத் தீவுகளில் கரைகள் வரிசையாக உடைந்தன. 1,836 பேர் இறந்தார்கள். சுமார் 2 லட்சம் ஹெக்டேர் நிலம் உப்பு நீரில் மூழ்கியது. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் மட்டும் அதே இரவில் 307 பேர் செத்தார்கள்.

கரைகள் எப்படி உடைந்தன? அலை வந்து முன்பக்கம் மோதி இடித்ததால்தான் என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலான இடங்களில் அப்படி அல்ல. நீர் கரையின் மேல் வழிந்து, நிலத்தைப் பார்த்த பின்சரிவில் இறங்கி, அந்த மண்ணை அரித்துத் தின்றது. நம் ஊர் ஏரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கலிங்கு போதாமல் கரை வழிய ஆரம்பித்தால் பின்பக்கம் கரைந்துதான் உடைப்பு எடுக்கும். கடலோ ஏரியோ, மண் ஒன்றுதான்.

அந்த இரவில் நடந்த ஒரு சம்பவத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ராட்டர்டாமுக்குக் கிழக்கே ஹாலந்தே ஐசல் ஆற்றின் கரையில் ஓர் இடத்தில் உடைப்பு எடுத்தது. அது அகன்றிருந்தால் சுமார் 30 லட்சம் ஜனங்கள் வாழும் மத்திய ஹாலந்து முழுவதற்கும் ஆபத்து. அவ்வூர் மேயர் அங்கிருந்த ஒரு சரக்குப் படகை எடுத்து உடைப்பில் செருகும்படி உத்தரவிட்டார். ஆரி எவக்ரூன் என்ற படகுக்காரர் தம் பிழைப்புக்கான படகையே உடைப்பின் வாயில் கொண்டுபோய் அடைத்தார். நீர் நின்றது. நாட்டின் மிகப் பணக்கார மாகாணத்தைக் காத்தது எந்த நிபுணர் குழுவின் வரைபடமும் அல்ல, ஒரு படகோட்டியின் தைரியம்! அவருக்கு அந்த இடத்தில் பிற்பாடு ஞாபகச் சின்னம் வைத்திருக்கிறார்கள்.

எச்சரிக்கை இல்லாமல் வந்த விபத்தா இது? இல்லை. யோஹான் வான் வேன் என்ற சர்க்கார் இஞ்சினீயர் 1930களின் இறுதியிலிருந்தே கரைகள் தாழ்வாக இருக்கின்றன என்று சொல்லி வந்தார். மேலிடத்தில் காது கொடுத்தவர் குறைவு. அவர் தமக்கு 'கசாண்ட்ரா' என்று புனைபெயர் வைத்துக்கொண்டு எழுதினார். உண்மையை முன்கூட்டிச் சொல்லியும் யாராலும் நம்பப்படாத பெண் என்று கிரேக்கக் கதையில் வருகிறவள் அவள். கரைகளோ 2,500க்கு மேற்பட்ட சிறிய நீர் வாரியங்களின் பொறுப்பில் சிதறிக் கிடந்தன. பல வாரியங்களிடம் பணமில்லை. யுத்தத்தால் நொறுங்கிய நாட்டில் எல்லோருக்கும் வேறு அவசர வேலைகள் இருந்தன.

அதுவரை உயரத்துக்கு ஒரு பழைய விதி இருந்தது. நினைவில் உள்ள மிகப்பெரிய வெள்ளம் எதுவரை வந்ததோ, அதற்கு மேல் கொஞ்சம் கூட்டிக் கட்டு என்பதே அது. தாத்தா பார்த்த வெள்ளம்தான் அளவுகோல். 1939 இல் வெமல்ஸ்ஃபெல்டர் என்ற இஞ்சினீயர் ஹூக் ஆஃப் ஹாலந்து துறைமுகத்தின் நீர்மட்டக் குறிப்புகளை வருஷவாரியாக எடுத்து வரைந்து பார்த்தார். உயரம் கூடக்கூட, அந்த உயரத்துக்கு நீர் வரும் தடவைகள் ஓர் ஒழுங்கோடு குறைந்துகொண்டே போயின. குறைந்தன, ஆனால் எந்த இடத்திலும் பூஜ்யம் ஆகவில்லை. 'இதற்கு மேல் வராது' என்ற கோடு கடலில் கிடையாது. அரிதாக வரும், மிக அரிதாக வரும், அவ்வளவுதான்.

1953 வெள்ளத்துக்குப் பின் மூன்று வாரத்துக்குள் 'டெல்டா கமிஷன்' அமைந்தது. அது இந்த வழியைக் கையில் எடுத்தது. மத்திய ஹாலந்தின் கரைகள் எந்த நீர்மட்டத்துக்குத் தாங்க வேண்டும்? எந்த ஒரு வருஷத்திலும் 10,000 இல் 1 என்ற அளவுக்கே வரக்கூடிய மட்டத்துக்கு. ஹூக் ஆஃப் ஹாலந்தில் அது கடல் மட்டத்துக்கு மேல் 5 மீட்டர். 1953 இல் அங்கே வந்தது 3.85 மீட்டர்.

'10,000 இல் 1' என்பதை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு குடத்தில் 10,000 சீட்டுகள். ஒன்று மட்டும் சிவப்பு. வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி குடத்திலேயே போட்டுக் குலுக்குகிறோம். சிவப்பு வந்தால் கடல் அந்த மட்டத்தைத் தாண்டும். இந்த வருஷம் வந்துவிட்டதால் இனி 10,000 வருஷம் நிம்மதி என்பது மடமை. அடுத்த வருஷமும் அதே குடம், அதே சிவப்புச் சீட்டு. ஐம்பது வருஷம் உழைக்கும் ஒரு மனிதனின் வாழ்நாளில் அது வரக்கூடிய வாய்ப்பு 200 இல் 1.

குடத்தில் 100 சீட்டுகள் மட்டும் இருந்தால்? 'நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வரும் வெள்ளம்' என்று அதிகாரிகள் சொல்வதைக் கேட்டு, நம் காலத்தில் வராது என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். ஐம்பது வருஷத்தில் அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ 5 இல் 2. இந்தப் பெயரே ஒரு ஏமாற்று. அதைச் சொல்கிற வாய்களை நிறுத்தி, ஒரு கூலிக்காரன் ஆயுசில் எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டுப் பழக வேண்டும்.

சரி, 10,000 என்ற எண் எங்கிருந்து வந்தது? அங்கேதான் விஷயத்தின் மர்மஸ்தானம் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் இருந்த கணித மேதை டேவிட் வான் டான்ட்சிக் கமிஷனுக்காக ஒரு தராசு செய்தார். ஒரு தட்டில் கரையை உயர்த்தும் செலவு; மறு தட்டில் கரை உடைந்தால் வரும் நஷ்டம், அது உடையும் வாய்ப்போடு பெருக்கியது. கரை உயர உயரச் செலவு ஏறும், நஷ்டத்தின் எதிர்பார்ப்பு இறங்கும். இரண்டின் கூட்டுத்தொகை எங்கே மிகக் குறைவோ அங்கே நிறுத்து. 1956 இல் இதை அவர் வெளியிட்டார். உலகம் முழுவதும் வெள்ளத் தடுப்புக் கணக்கு இன்றும் இந்த அடியின் மேல்தான் நிற்கிறது.

இந்தத் தராசுக்கு நாம் விரோதிகள் அல்ல. குருட்டு நம்பிக்கையில் கட்டுவதைவிட எண்ணிப் பார்த்துக் கட்டுவது ஆயிரம் மடங்கு மேல். அபாயத்தைக் காகிதத்தில் எழுதியதால்தான் அதைப் பற்றி நாம் கேள்வி கேட்கவே முடிகிறது. ஆனால் தராசைக் கண்டதும் தட்டில் என்ன வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது உழைப்பாளியின் வழக்கம். நெல் அளக்கிற களத்தில் மரக்காலைப் புரட்டிப் பார்க்காதவன் ஏமாந்தான்.

தட்டில் இருந்தது கில்டர் நாணயம். கட்டடம், யந்திரம், துறைமுகம், நிலம், கால்நடை எல்லாவற்றுக்கும் விலை உண்டு. மனித உயிரைக் கில்டரில் எழுதுவது எப்படி? எழுதாமல் விட்டால் அதன் எடை பூஜ்யம். எழுதினால் யாருடைய விலைப்படி?

விளைவைப் பாருங்கள். கணக்கின்படி மத்திய ஹாலந்துக்கு மிகச் சரியான பாதுகாப்பு 1,25,000 இல் 1 என்று வந்தது. நீர்மட்டம் தாண்டிய கணமே கரை உடைந்துவிடாது என்று சொல்லிக் கமிஷன் 10,000 இல் 1 மட்டத்தை ஏற்றது. அதாவது கடைசியில் எண்ணை முடிவு செய்தது கணிதம் அல்ல, மனிதர்கள். ராட்டர்டாம், ஆம்ஸ்டர்டாம், ஹேக் நகரங்கள் உள்ள பகுதிக்கு 10,000 இல் 1. சீலாந்து மாகாணத்துக்கு 4,000 இல் 1. வடக்கே இருக்கும் வாடன் தீவுகளில் பலவற்றுக்கு 2,000 இல் 1. 1953 இல் செத்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் எந்த மாகாணத்தார்? சீலாந்துக்காரர்கள்! பிணம் அதிகம் விழுந்த இடத்துக்குச் சீட்டுக் குடம் சிறியது. பணம் அதிகம் இருந்த இடத்துக்குப் பெரியது.

அங்கே ஜனங்களும் அதிகமல்லவா, அதிகம் பேரைக் காப்பது நியாயம்தானே என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஒரே செலவில் பத்துப் பேரைக் காப்பதா ஆயிரம் பேரைக் காப்பதா என்றால், ஆயிரம் பேர் என்றுதான் நாமும் சொல்வோம். ஆனால் உயிர்களின் எண்ணிக்கையும் சொத்தின் மதிப்பும் ஒரே மூட்டையில் கட்டித் தராசில் ஏற்றப்பட்டால், எது எதைத் தூக்கியது என்று யாருக்குத் தெரியும்? இரண்டையும் தனித்தனியே நிறுக்க வேண்டும். நம் வாதம் இவ்வளவே.

தராசில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. கடல் எவ்வளவு உயரும் என்பதை எண்ணினார்கள். கரை எவ்வளவு பலமானது என்பதை அதே கவனத்தோடு எண்ணவில்லை. ஒரே கவுண்ட் நூல் என்றாலும் எல்லா இழையும் ஒரே பலம் அல்ல என்று ஆலைத் தொழிலாளிக்குத் தெரியும். சராசரி பலத்தைச் சோதனைக் கூடத்தில் எழுதிக்கொள்ளலாம். அறுவது சராசரியில் அல்ல, நைந்த இடத்தில். கரையும் அப்படித்தான்.

போர்த்துகலில் சீனெஷ் என்ற இடத்தில் பெரிய எண்ணெய்க் கப்பல்களுக்காக ஆழ்கடலுக்குள் சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்கு அலைதடுப்புக் கரை போட்டார்கள். அதன் மேல் 'டோலோஸ்' எனப்படும் கான்கிரீட் கட்டிகளைக் குவித்தார்கள். ஒரு கால் திருகிய எச் எழுத்தைப் போன்ற உருவம். ஒவ்வொன்றும் 42 டன். 1978 பிப்ரவரியில் ஒரு புயல். வந்த அலை, திட்டத்தில் எழுதிய அலையைவிடச் சிறியது. ஆயினும் கவசத்தின் பெரும் பகுதி நொறுங்கிக் கடலில் கரைந்தது.

காரணம் எளிது, கசப்பானது. அலை இரண்டு மடங்கானால் அதைத் தாங்கும் கல் எட்டு மடங்கு கனமாக இருக்க வேண்டும். சரி என்று கட்டியைப் பெரிதாக்கினார்கள். நீள அகல உயரங்களை இரட்டித்தால் எடை எட்டு மடங்கு ஏறும். ஆனால் முறிகிற இடத்தின் குறுக்குப் பரப்பு நாலு மடங்குதான் ஏறும். கட்டி பெரிதாகப் பெரிதாகத் தன் எடைக்கே பலவீனமாகிறது. அலை ஆட்டியதும் கால்கள் ஒடிந்தன. சோதனைத் தொட்டியில் சின்னப் பொம்மைக் கட்டிகளை வைத்துப் பார்த்தபோது அவை ஒடியவில்லை, பொம்மை ஒடியாது. இதற்குப் பிறகுதான் அலையின் நிச்சயமின்மையையும் கட்டியின் நிச்சயமின்மையையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பது துறைமுக இஞ்சினீயர்களுக்கு உறைத்தது.

2003 ஆகஸ்டில் நெதர்லாந்தின் வில்னிஸ் ஊரில் ஒரு கால்வாய்க் கரை சரிந்து தெருக்களில் நீர் புகுந்தது. வெள்ளமா? இல்லை, வறட்சி! மக்கிய தாவர மண்ணால் ஆன கரை கோடையில் காய்ந்து எடை குறைந்து, நீரின் தள்ளலில் நகர்ந்துவிட்டது. வேறு பல கரைகளில் ஆபத்து அடியில் இருந்தது: மண்ணுக்குக் கீழே நீர் கசிந்து, மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வெளியே ஊற்றாகக் கொப்பளிக்கும். ஏரிக்கரையில் நண்டு வளையைக் கண்டதும் மண்வெட்டியோடு ஓடுகிறவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. உயரத்தை மட்டும் அளந்துகொண்டிருந்த கணக்குக்கு அது தெரிய வெகு காலம் பிடித்தது.

உலகிலேயே பணக்கார நாடு என்ன செய்தது? 2005 ஆகஸ்ட் 29, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கத்ரீனா புயல். 17வது தெருக் கால்வாயின் சுவர், நீர் அதன் தலையைத் தொடுவதற்கு முன்பே, அடிமண் வழுக்கிச் சாய்ந்தது. ஐம்பதுக்கு மேற்பட்ட இடங்களில் உடைப்பு. நகரில் ஐந்தில் நாலு பங்கு மூழ்கியது. கார் வைத்திருந்தவர்கள் முன்னதாகவே வெளியேறினார்கள். இல்லாதவர்கள், அதிலும் ஏழைக் கறுப்பு மக்கள், கூரைமேல் நின்றார்கள். பிறகு சுமார் 1,450 கோடி டாலரில் புதிய அரண் கட்டினார்கள். எந்த அளவுக்கு? 100 இல் 1. ராட்டர்டாம்காரனுக்கு 10,000 சீட்டுக் குடம். நியூ ஆர்லியன்ஸ் ஏழைக்கு 100 சீட்டுக் குடம். பணமோ அறிவோ இல்லாமல் அல்ல. முடிவு செய்த இடம் வேறு.

நெதர்லாந்தில் கணக்கு மாறியது. 2017 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த சட்டம், கடலின் உயரத்தை மட்டும் பார்க்காமல் வெள்ளம் உள்ளே புகும் வாய்ப்பையே அளவாக எடுத்தது. கரை வழிதல், சரிதல், அடியில் கசிதல் எல்லாம் இதில் சேரும். முக்கியமானது அடுத்தது. பெரிய கரைகளுக்குப் பின்னால் வாழும் எந்த மனிதனும் வெள்ளத்தால் சாகும் வாய்ப்பு வருஷத்துக்கு 1,00,000 இல் 1க்கு மேல் இருக்கக் கூடாது. நகரவாசியோ தீவின் குடியானவனோ, எல்லோருக்கும் இது தளம். இதை 2050க்குள் எட்ட வேண்டும். இந்தத் தளத்துக்கு மேல்தான் சொத்து நஷ்டக் கணக்கு வேலை செய்யும். உயிர் முதலில், கில்டர் பின்னால். (கில்டர் போய் யூரோ வந்துவிட்டது, அது வேறு விஷயம்.) டெல்டா கமிஷனின் 1960 அறிக்கையிலிருந்து இந்த இடத்துக்கு வந்து சேர 57 வருஷம்!

இது தானாக வந்ததா? அந்நாட்டு ஜனங்கள் சும்மா இருந்தவர்கள் அல்ல. கிழக்கு ஸ்கெல்ட் கழிமுகத்தை முழுதாக அடைத்துவிட வேண்டும் என்று திட்டம் இருந்தபோது, சிப்பி எடுக்கும் மீனவர்களும் இயற்கையைக் காக்க நின்றவர்களும் எதிர்த்தார்கள். உப்புநீர் போனால் சிப்பி போகும், பிழைப்பு போகும். சர்க்கார் இறங்கி வந்தது. 62 இரும்புக் கதவுகள் கொண்ட திறந்த அரண் 1986 இல் முடிந்தது. சாதாரண நாளில் ஓதம் போய் வரும். புயல் நாளில் மட்டும் மதகைப் போல் இறக்குவார்கள். செலவு கூடியது. மீனவன் பெயர் கணக்கில் ஏறியது.

நீர் வாரியங்களின் கதையும் இதே ஜாதி. இன்று 21 வாரியங்கள். ஜனங்கள் ஓட்டுப் போடுகிறார்கள். ஆனால் நூற்றாண்டுக் கணக்கில் அங்கே வாக்கு நிலமுள்ளவர்களின் கையில் இருந்தது. கரைக்குப் பின்னால் கூலி வேலை செய்தவன் மூழ்கலாம்; எவ்வளவு உயரம் என்று சொல்ல முடியாது.

குடத்தின் சீட்டுகளும் மாறிக்கொண்டிருக்கின்றன. 1993 முதல் உலகக் கடல் மட்டம் சராசரியாகச் சுமார் 10 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. நூறு வருஷத்துக்கு ஒரு தடவை என்று இருந்த கடல் மட்டம், இந்த நூற்றாண்டின் முடிவில் உலகின் அளவை நிலையங்களில் பாதிக்கு மேற்பட்ட இடங்களில் வருஷத்துக்கு ஒரு தடவையாவது வரும் என்று ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2021 இல் மதிப்பிட்டது. பழைய எண்ணைக் காட்டிப் பழைய சுவருக்கு நற்சான்று வாங்குவது இனிச் செல்லாது.

இத்தனையும் தூர தேசத்துச் செய்தி என்று நினைப்பவர்கள் சென்னைத் துறைமுகத்தைப் பார்க்கட்டும். 1875 இல் அடிக்கல் நாட்டிக் கடலுக்குள் இரு கைகளாக அலைதடுப்புக் கரை நீட்டினார்கள், 1881 புயல் அதை உடைத்துப் போட்டது, மறுபடி கட்டினார்கள். கட்டியவர்களின் கணக்கில் கப்பல் இருந்தது, சரக்கு இருந்தது, அலை இருந்தது. மணல் இல்லை. நம் கரையில் வருஷத்தின் பெரும் பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கரை அதை மறித்தது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. மாலையில் காற்று வாங்க நல்ல இடம். வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை மணல் வரத்து நின்று கடல் நிலத்தைத் தின்றது. குப்பங்கள் பின்வாங்கின, அப்புறம் கல் கொட்டினார்கள், கல்லின் கோடியில் அடுத்த குப்பம் அரிக்கப்பட்டது. துறைமுகத்தின் அபாயத்தைக் குறைத்தபோது அது மறையவில்லை. வடக்கே இருந்த மீனவன் வாசலுக்கு மாற்றப்பட்டது.

ஆகவே புதிய துறைமுகம், கடல் சுவர், தூண்டில் வளைவு என்று எது அறிவிக்கப்பட்டாலும், ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன் அதன் கணக்கு வெளியே வர வேண்டும். எந்த உயர அலைக்கு? எத்தனை சீட்டுக் குடத்துக்கு? கடல் மட்டம் எவ்வளவு ஏறும் என்று வைத்துக்கொண்டு? உடைந்தால் எந்தெந்தத் தெருவில் எத்தனை பேர், எவ்வளவு நேரத்தில் வெளியேற முடியும்? மறிக்கப்படும் மணல் எங்கே குவியும், எந்தக் கிராமத்திலிருந்து போகும்? இவை தமிழில் அச்சாகி, தெற்கேயும் வடக்கேயும் உள்ள குப்பங்களில் ஊர்க் கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும். அரிப்புக்கு ஆளாகும் ஊர்களின் பெயர்கள் பின்னிணைப்பில் அல்ல, முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர்கள் சம்மதத்தின் கீழ்தான் இஞ்சினீயரின் கையெழுத்து வர வேண்டும்.